ஜாம்பிகளுக்கு நடுவே ஒரு காதல் காமெடி: பார்க்க, எழுத, எடுக்க விரும்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

‘ராம்-ஜாம்-காம்’ என்கிறார்களே, அது என்ன வகை?

ரொமான்டிக் காமெடி, ஜாம்பி (செத்த பிறகும் எழுந்து வந்து மனிதரைத் தின்னும் பிணம்) இரண்டையும் சேர்த்து ஆங்கிலத்தில் வைத்த செல்லப்பெயர் அது. 2004இல் வந்த பிரிட்டிஷ் படமான ‘ஷான் ஆஃப் தி டெட்’டை ‘ஜாம்பிகளோடு ஒரு காதல் காமெடி’ என்று விளம்பரம் செய்தார்கள். பெயர் பரவியது அந்தப் படத்தால்தான்.

காதலர்கள் இருக்கிற ஜாம்பி படமெல்லாம் இதில் சேராது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கதையிலிருந்து ஜாம்பிகளை எடுத்துவிடுங்கள். ‘இவர்கள் இருவரும் சேர்வார்களா?’ என்ற கேள்வி அப்போதும் உயிரோடு இருந்தால் அது இந்த வகை. ‘இவர்கள் பிழைப்பார்களா?’ என்பது மட்டுமே மிஞ்சியிருந்தால் அது ஜாம்பி படம். நடுவில் ஒரு டூயட் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வகை எப்போது தொடங்கியது?

மனிதரைத் தின்ன மெல்ல நடந்து வரும் பிணக்கூட்டம் என்ற உருவத்தை நிலைநிறுத்தியது அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் 1968ஆம் ஆண்டுப் படமான ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. அந்தப் படத்தில் ‘ஜாம்பி’ என்ற சொல்லே வராது. 1993இல் ‘ரிடர்ன் ஆஃப் தி லிவிங் டெட் 3’ ஒரு காதல் ஜோடியை நடுவில் வைத்தது, ஆனால் அது சோகக் கதை. காதல், சிரிப்பு, பிணம் மூன்றையும் ஒரே தராசில் நிறுத்திக் காட்டியது 2004தான். 2009இல் ‘ஜாம்பிலேண்ட்’, 2013இல் ‘வார்ம் பாடீஸ்’, 2014இல் ‘லைஃப் ஆஃப்டர் பெத்’, 2017இல் ஸ்காட்லாந்திலிருந்து பாட்டும் கிறிஸ்துமஸுமாக ‘அன்னா அண்ட் தி அபோகலிப்ஸ்’ என்று வரிசை நீண்டது.

ஒரே ஒரு படம் பார்த்து இதைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால்?

‘ஷான் ஆஃப் தி டெட்’. இயக்கம் எட்கர் ரைட். எழுதியவர்கள் ரைட்டும் கதாநாயகன் சைமன் பெக்கும். 99 நிமிடம். முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாம் தடவை நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள்.

ஷானுக்கு 29 வயது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை. காதலி லிஸோடு எங்கே போவதென்றாலும் ‘வின்செஸ்டர்’ என்ற அதே மதுக்கடைதான், எட் என்ற நண்பனும் கூடவே வருவான். காதல் தொடங்கிய நாளைக் கொண்டாட உணவகத்தில் மேசை பதிவு செய்யச் சொன்னதை மறந்துவிடுகிறான். அம்மாவுக்கென்று வாங்கிய பூங்கொத்தை, அம்மாவுக்கு எழுதிய அட்டையோடு, லிஸிடம் நீட்டுகிறான். அவள் உறவை முறித்துக்கொள்கிறாள். அன்றிரவு குடித்துவிட்டு வந்து குளிர்பதனப் பெட்டியின் மேல் மூன்று வேலைகளை எழுதி வைக்கிறான்: அம்மா வீட்டுக்குப் போவது, லிஸைத் திரும்பப் பெறுவது, வாழ்க்கையைச் சரிசெய்வது. மறுநாள் உலகம் அழிகிறது. ஆனாலும் கதை அந்தப் பட்டியலின்படியேதான் நகர்கிறது! அம்மாவை அழைத்துக்கொள்கிறான், லிஸை அழைத்துக்கொள்கிறான், எல்லோரையும் பாதுகாப்பான இடத்துக்குக் கூட்டிப் போகிறான். எங்கே? எந்த மதுக்கடையால் காதல் முறிந்ததோ, அங்கேயே.

இந்த ஒரு முடிச்சுக்காகவே படத்தைப் பாடமாக வைக்கலாம். அவனுடைய குறை எதுவோ அதையே அவன் புகலிடமாக நினைக்கிறான்.

இரண்டாம் தடவை பார்க்கும்போது எவற்றைக் குறித்துக்கொள்வது?

கடைக்கு நடக்கும் இரண்டு காட்சிகளை முதலில் பாருங்கள். ஒரு காலையில் வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்குப் போய்வருகிறான்; வெட்டே இல்லாமல் கேமரா கூடவே போகிறது. நோய் பரவிய பிறகு அதே தெரு, அதே கடை, அதே நடை. கடையின் குளிர்பெட்டிக் கதவில் ரத்தக் கைத்தடம். தரையில் ரத்தம் வழுக்குகிறது, சமாளித்து நடக்கிறான். எதையும் கவனிக்கவில்லை. லிஸ் அவன்மேல் சொல்லும் புகாரும் இதுதானே? சுற்றி நடப்பது எதுவும் அவன் கண்ணில் படாது.

அடுத்தது சட்டைப்பையின் சிவப்பு மை. கடையில் நிற்கும்போது பேனா கசிந்து வெள்ளைச் சட்டையில் கறை படிகிறது. ‘உன்மேல சிவப்பா ஏதோ இருக்கு’ என்று ஒருவர் சொல்கிறார். பிறகு அந்த இடத்தை ரத்தம் பிடித்துக்கொள்கிறது. வேறு வேறு ஆட்கள் அதே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். வசனம் மாறவில்லை, கறை மாறிவிட்டது. சிரிப்பு அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, எட்டின் ஆறுதல் பேச்சு. காதல் முறிந்த இரவில், நாளைக்கு எங்கெங்கே என்னென்ன குடிக்கலாம் என்று அடுக்குகிறான். பானங்களும் கடைகளுமாக அவன் சொல்வதெல்லாம் மறுநாள் நடக்கப்போவதன் குறிப்பு. முதலில் சொல்லும் ‘பிளடி மேரி’ தோட்டத்தில் வந்து நிற்கும் முதல் ஜாம்பி. மேரி என்ற காசாளர். கடைசியில் வரும் ‘ஷாட்ஸ்’ துப்பாக்கிச் சூடு. படத்தின் இறுதியில் லிஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தை இதே தாளத்தில் சொல்வாள்: தேநீர், செய்தித்தாள், மதுக்கடையில் சாப்பாடு, வீடு, தொலைக்காட்சி, தூக்கம். அவனும் மாறியிருக்கிறான், அவளும் ஒரு படி இறங்கி வந்திருக்கிறாள். காதல் கதை முடிந்துவிட்டது என்பதை முத்தத்தை விட இந்தப் பட்டியல் தெளிவாகச் சொல்கிறது.

சொந்தமாக எழுதத் தொடங்குகிறேன். முதலில் ஜாம்பியா, காதலா?

காதல். அதிலும் காதலில் உள்ள ஓட்டை. முதல் கடி விழுவதற்கு முன்பே அந்த ஓட்டை பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: ‘இவன் (அல்லது இவள்) ______ செய்வதால் இந்தக் காதல் நிற்காது.’ முடிவெடுக்கத் தள்ளிப்போடுவது, வீட்டில் சொல்லப் பயப்படுவது, நண்பர்களை விட்டு நகராமல் இருப்பது, எதுவாகவும் இருக்கலாம். பிறகு இரண்டாம் வாக்கியம்: ‘ஜாம்பி வந்த பிறகு இதே பழக்கம் ______ பேரைக் கொல்லும்.’ இரண்டாவது வாக்கியத்தை நிரப்ப முடியவில்லையென்றால் கதை இன்னும் கிடைக்கவில்லை.

‘ஜாம்பிலேண்ட்’ இதைத் தலைகீழாகச் செய்கிறது. அதன் நாயகன் கொலம்பஸ் பயந்த சுபாவக்காரன். யாரோடும் ஒட்டாமல், தனக்கென்று விதிகள் வைத்துக்கொண்டு வாழ்கிறான். அந்தக் குணம்தான் அவனைப் பிழைக்க வைத்தது, அதே குணம்தான் காதலுக்குத் தடை. கடைசியில், ‘வீரனாக முயலாதே’ என்ற தன் விதியைத் தானே மீறுகிறான். வழியில் நிற்பது அவன் ஆயுள் முழுக்கப் பயந்த கோமாளி வேடம், ஜாம்பி உருவில்.

அடிக்கடி நடக்கும் தவறு: இருவரும் ஓடும்போது சந்தித்துக் காதலிக்கிறார்கள். எழுதுவதற்கு எளிது. ஆனால் அவர்கள் சேர்வதைத் தடுக்க வெளியே இருக்கும் ஜாம்பியைத் தவிர எதுவுமே இருக்காது. தடை உள்ளே இல்லாத காதல் கதை முப்பதாவது நிமிடத்தில் நின்றுவிடும்.

ஜாம்பிக்கு எத்தனை விதிகள் வைக்கலாம்?

மூன்று போதும். எப்படித் தொற்றும், எப்படிச் சாகும், எதனால் ஈர்க்கப்படும். கடி, தலை, சத்தம் என்று ஒரு நிமிடத்துக்குள் காட்டிவிடுங்கள். கிருமி எங்கிருந்து வந்தது என்ற விஞ்ஞான விளக்கம் வேண்டாம். ஷான் படத்தில் தொலைக்காட்சி செய்தி விஷயத்துக்கு வருவதற்குள் அவன் சேனலை மாற்றிவிடுகிறான். காரணம் கடைசிவரை சொல்லப்படுவதே இல்லை. யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

நான்காவதாக ஒன்று வைக்கலாம், அது காதலுக்குப் பயன்பட வேண்டும். ‘வார்ம் பாடீஸ்’ படத்தில் மூளையைத் தின்னும் ஜாம்பிக்கு, இறந்தவரின் நினைவுகள் கிடைக்கின்றன. நாயகன் ஆர், ஜூலியின் காதலன் பெர்ரியின் மூளையைத் தின்றதால்தான் அவளை அறிகிறான். அருவருப்பும் காதலும் ஒரே விதியிலிருந்து பிறக்கின்றன.

கடித்ததிலிருந்து மாறும்வரை எவ்வளவு நேரம் என்பதை எழுதும்போதே முடிவு செய்யுங்கள். பத்து வினாடி என்றால் அதிர்ச்சி கிடைக்கும், விடைபெறும் காட்சி கிடைக்காது. காதலும் குடும்பமும் உள்ள கதைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது வேண்டும். மறைத்துவைக்க, சந்தேகப்பட, மன்னிப்புக் கேட்க அந்த நேரம் தேவைப்படும். ஒருவருக்குப் பத்து நிமிடம், இன்னொருவருக்கு ஒரு நாள் என்று வசதிக்கேற்ப மாற்றினால் பார்வையாளர் உடனே பிடித்துவிடுவார்.

ஓடும் ஜாம்பியா, நடக்கும் ஜாம்பியா?

நடப்பது. 2002இல் ‘28 டேஸ் லேட்டர்’ வந்த பிறகு பாய்ந்தோடும் தொற்றாளிகள் பெருகினார்கள். பயத்துக்கு அது சரி. காமெடிக்கும் காதலுக்கும் பேச நேரம் வேண்டும். தோட்டத்தில் இரண்டு ஜாம்பிகள் நெருங்கி வரும்போது ஷானும் எட்டும் எதை வீசலாம் என்று இசைத்தட்டுப் பெட்டியைக் கிளறுகிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் வாக்குவாதம். பாடகி சாடேயின் இசைத்தட்டு வரும்போது ‘அது லிஸோடது’ என்கிறான் ஷான். ‘அவதான் உன்னை விட்டுட்டாளே’ என்கிறான் எட். தட்டு பறக்கிறது. ஓடிவரும் ஜாம்பியை வைத்து இந்தக் காட்சியை எழுதவே முடியாது. உயிர் போகும் நேரத்திலும் மனம் அவளிடம்தான் இருக்கிறது என்று ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது.

சாவு வரும்போது சிரிப்பை என்ன செய்வது?

நெருக்கமானவரின் சாவில் சிரிப்பை முழுசாக நிறுத்துங்கள், ஒரு நிமிடமாவது. மாற்றாந்தகப்பன் ஃபிலிப்பை ஷானுக்குப் பிடிக்காது. கார் பின்னிருக்கையில் கடிபட்ட ஃபிலிப், தான் அவனை எப்போதும் நேசித்ததைச் சொல்லிவிட்டு இறக்கிறார். அந்தப் பேச்சில் ஒரு நகைச்சுவையும் இல்லை. பிறகு ஜாம்பியாக எழுந்ததும் அவர் செய்யும் காரியம், உயிரோடு இருந்தபோது தன்னை எரிச்சலூட்டிய காரின் பாட்டுச் சத்தத்தை அணைப்பது. அழுகை முழுமையாக முடிந்ததால்தான் அந்தச் சிரிப்பு நம்மைக் குற்ற உணர்ச்சியில் தள்ளாமல் வருகிறது. அழுகைக்கு நடுவே ஜோக்கைச் செருகினால் இரண்டும் கெடும்.

ஜாம்பியே காதலனாக இருக்கலாமா?

இருக்கலாம், கடினமான பாதை. ஐசக் மரியனின் நாவலிலிருந்து ஜோனதன் லெவின் இயக்கிய ‘வார்ம் பாடீஸ்’ இதற்கு நல்ல அளவுகோல். ஆர், ஜூலி என்ற பெயர்களில் ரோமியோ, ஜூலியட் ஒளிந்திருக்கிறார்கள். மாடிக் காட்சிகூட உண்டு.

மூன்று சிக்கல்களுக்கு விடை வேண்டும். முதலாவது பேச்சு: வாய் பேசாதவன் எப்படிக் காதலிப்பான்? அங்கே மனக்குரலாக முழு வாக்கியங்களும், வாயில் ஓரிரு சொற்களுமாகக் கொடுத்திருக்கிறார்கள். உறவு வளர வளர வாய்ச் சொற்கள் கூடுகின்றன. இரண்டாவது உடல்: அழுகும் பிணத்தை நெருங்குவதைப் பார்வையாளர் ஏற்க வேண்டுமானால் அவன் மெல்ல மனிதனாகிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம், அவன் செய்த குற்றம். பெர்ரியைக் கொன்றதை அவனே ஒப்புக்கொள்கிறான், ஜூலி அவனை விட்டுப் போகிறாள். அந்தப் பிரிவு இல்லாமல் அவர்கள் சேர்ந்திருந்தால் கதை நேர்மையற்றதாக இருந்திருக்கும்.

‘லைஃப் ஆஃப்டர் பெத்’ வேறு கோணம். இறந்த காதலி திரும்பி வருகிறாள், தாங்கள் பிரியவிருந்ததே அவளுக்கு நினைவில்லை. நீங்கள் கேட்ட வரம் கிடைத்தால் என்ன ஆகும் என்ற கதை. படம் நடுவில் தடுமாறினாலும் அந்தக் கரு மிக நல்ல கரு.

தமிழில் எடுத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

2016இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய ‘மிருதன்’ ஊட்டியின் போக்குவரத்துக் காவலர் ஒருவரின் ஒருதலைக் காதலை ஜாம்பிகளுக்கு நடுவே வைத்தது. காதல் அதில் உண்மையாகவே கதையைத் தள்ளுகிறது. தொனி காமெடி அல்ல. தெலுங்கில் 2021இல் ‘ஜாம்பி ரெட்டி’ ராயலசீமைக் குடும்பப் பகையையும் கல்யாணத்தையும் சேர்த்தது.

கல்லறையிலிருந்து எழும் பிணம் நம் ஊரில் அவ்வளவாகப் பொருந்தாது. புதைக்கும் வழக்கம் பல சமூகங்களில் இருந்தாலும், நம் பார்வையாளருக்குச் சாவு என்றதும் சிதையும் நினைவுக்கு வரும். ‘எரிச்சிட்டாங்களே, எப்படி எழுந்தான்?’ என்ற கேள்வி கிளம்பும். கடியால் பரவும் நோய் என்று வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

நமக்கு இருக்கும் பெரிய வசதி கல்யாண மண்டபம். ஒரே கட்டடம், முந்நூறு சொந்தக்காரர்கள், வெளியே போக ஒரு வழி. ‘வீட்டில் சொல்லப் பயம்’ என்ற ஓட்டையை இங்கே வையுங்கள்: அவளுக்கும் வீட்டில் நிச்சயித்த மாப்பிள்ளைக்கும் நடக்கும் கல்யாணத்தில் அவள் காதலன் பந்தி பரிமாற வந்திருக்கிறான், இருவரும் தங்கள் காதலை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கடிபட்டதை மறைக்கும் பெரியப்பாவும் காதலை மறைக்கும் பெண்ணும் ஒரே அறைக்குள் அடைபட்டால் காட்சி தானாக எழுதிக்கொள்ளும். இடைவேளையைக் கூட்டம் உள்ளே நுழையும் இடத்தில் வைக்காதீர்கள். அவள் அப்பாவிடம் உண்மையைச் சொல்லும் வாக்கியத்தில் வையுங்கள்.

15 நிமிடக் குறும்படம் என்றால் எப்படிப் பிரிப்பது?

முதல் 4 நிமிடம் காதலும் முறிவும், ஜாம்பியே இல்லாமல். பின்னணியில் மட்டும் அறிகுறிகள். அடுத்த 2 நிமிடம் கண்டுகொள்ளாத சிரிப்பு. பிறகு 5 நிமிடம் ஒரே இடத்தில் அடைபடுவது. 3 நிமிடம் இழப்பு, ஒப்புக்கொள்ளல், தப்பித்தல். கடைசி 1 நிமிடம் புதிய அன்றாடம். பாத்திரங்கள் ஐந்தைத் தாண்ட வேண்டாம்.

ஷான் படத்தின் இரண்டு நடைக் காட்சி உத்தி குறைந்த செலவுக்கு ஏற்றது. ஒரே தெருவில், காலை வெளிச்சத்தில், முதலில் மேக்கப் இல்லாமல் எடுங்கள். நடிகர் நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் ரத்தத்தோடு எடுங்கள். அன்றே மதியம் எடுத்தால் நிழல் இடம் மாறியிருக்கும், ஒப்பீடு விழுந்துவிடும்.

ரத்தம் எப்படித் தயாரிப்பது?

பேக்கரிப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் 250 மி.லி. அதில் வெதுவெதுப்பான தண்ணீர் 60 மி.லி. சேர்த்துக் கரையுங்கள். 1 டீஸ்பூன் கோகோ பவுடரைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து ஊற்றுங்கள். சிவப்பு திரவ ஃபுட் கலர் 2 டீஸ்பூன், நீலம் 1 சொட்டு. கலக்கிப் பத்து நிமிடம் விட்டால் நுரை அடங்கும்.

சிவப்பு மட்டும் போட்டால் கேமராவில் ரோஸ் மில்க்காகத் தெரியும். கோகோவும் நீலமும் அதற்காகத்தான். நீலம் கூடினால் ஊதாவாகிவிடும், அதனால் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, வெள்ளைத் துணியில் தேய்த்து, படமெடுக்கும் அதே விளக்கில் பாருங்கள். வெயிலில் கலவை இறுகும், தண்ணீர் தெளித்துத் தளர்த்தலாம். சர்க்கரை என்பதால் எறும்பும் ஈயும் வரும். தரையில் படுக்கும் நடிகருக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். கருப்பு-வெள்ளையில் எடுப்பவருக்கு இவ்வளவு வேலை இல்லை: ரொமேரோவின் 1968 படத்தில் பயன்பட்டது சாக்லேட் சிரப்.

மேக்கப்?

மாநிறத் தோலில் வெள்ளைப் பவுடர் அப்பினால் பிணம் வராது, நாடகப் பேய்தான் வரும். தோலின் நிறத்தோடு கொஞ்சம் சாம்பலும் பச்சையும் கலந்து மெல்லிய பூச்சு; கண்குழி, கன்னக்குழி, உதட்டோரத்தில் ஊதாவும் பழுப்பும். காதையும் கழுத்தையும் கையையும் மறந்துவிடாதீர்கள். முகம் பிணமாகவும் கை உயிரோடும் இருப்பதுதான் குறும்படங்களில் அதிகம் கண்ணில் படும் பிழை.

காயத்துக்குத் திரவ லேடெக்ஸும் (காய்ந்தால் தோல் போல ஆகும் ரப்பர் பால்) டிஷ்யூ பேப்பரும். டிஷ்யூவின் அடுக்குகளைப் பிரித்து ஒற்றை அடுக்காக்கி, ஓரங்களைக் கிழித்து ஒட்டுங்கள். கத்தரித்தால் கோடு தெரியும். மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. நடுவில் கிழித்து உள்ளே கருஞ்சிவப்பு பூசுங்கள். லேடெக்ஸ் சிலருக்கு ஒவ்வாது. முந்தைய நாளே முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது தடவிப் பாருங்கள். புருவம், தாடி, கையின் முடி மேல் படுமானால் முன்பே வாசலின் தடவாமல் தொடாதீர்கள், பிய்க்கும்போது முடியோடு வரும். வேர்வையில் ஓரம் எழும்பும், மணிக்கொரு தடவை ஒட்டிச் சரிசெய்ய ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். நிறக் கான்டாக்ட் லென்ஸைக் கண் மருத்துவரிடம் அளவு பாராமல் போடக்கூடாது. ஒருவர் போட்டதை இன்னொருவர் போடவே கூடாது.

கூட்டத்துக்கு எத்தனை பேர் வேண்டும்?

இருபது பேர் போதும், அடுக்கி நிறுத்தத் தெரிந்தால். கேமராவுக்கு அருகில் ஐந்து பேருக்கு முழு மேக்கப். அடுத்த ஏழு பேருக்கு முகப்பூச்சும் ரத்தமும். பின்னாலிருக்கும் எட்டுப் பேருக்கு அழுக்குச் சட்டையும் கலைந்த தலையும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் சட்டையும் இடமும் மாற்றினால் நூறு பேர் போல வரும்.

எல்லோரையும் ‘ஜாம்பி மாதிரி நட’ என்றால் எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு ஒரே மாதிரி வருவார்கள். ஆளுக்கொரு காயம் கொடுங்கள்: உனக்கு இடது முட்டி மடங்காது, உனக்குக் கழுத்து திரும்பாது. ஆளுக்கொரு தொழிலும் கொடுங்கள். சமையல்காரர், நாதஸ்வரக்காரர், மொய் எழுதுகிறவர். கடைசிவரை மொய் நோட்டைக் கையிலிருந்து விடாத ஜாம்பியைப் பார்வையாளர் மறக்க மாட்டார்.

பொது இடத்தில் எடுக்கலாமா?

அனுமதி வாங்கி எடுங்கள். காவல் நிலையத்துக்கும் உள்ளாட்சிக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். பொம்மைத் துப்பாக்கி, அரிவாள், ரத்தம் எல்லாவற்றையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். தெருவின் இரு முனையிலும் அறிவிப்புத் தாள் ஒட்டி ஓர் ஆளை நிறுத்துங்கள். மேக்கப்போடு யாரும் தேநீர் குடிக்கத் தனியாகப் போகக்கூடாது. இதயக் கோளாறு உள்ள முதியவர் எதிரே வரலாம்.

சட்டை எத்தனை எடுத்துவைப்பது? கறை போகுமா?

நாயகனுக்கு ஒரே மாதிரி மூன்று: சுத்தமானது, பாதிக் கறை, முழுக் கறை. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் முன்னும் பின்னும் செல்பேசியில் படம் எடுத்துக் காட்சி எண்ணோடு வையுங்கள். மறுநாள் கறை இடது தோளிலிருந்து வலதுக்குத் தாவியிருந்தால் எடிட்டிங்கில் காப்பாற்ற முடியாது.

காயும் முன் குளிர்ந்த தண்ணீரில் அலசி, பாத்திரம் கழுவும் திரவம் போட்டு அரை மணி ஊறவைத்தால் பருத்தித் துணியில் பெரும்பகுதி போகும். வெந்நீர் வேண்டாம், நிறம் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். தோலில் படப்போகும் இடத்தில் முன்பே தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவியிருந்தால் அன்றே கழுவிவிடலாம். தடவாவிட்டால் இரண்டு நாள் சிவப்பு விரலோடுதான் அலைய வேண்டியிருக்கும்.